1/35 காஸ்-எம்எம் போர்க்கால லாரி கிட்: வரிசை பிசகாமல் கட்டி முடிக்க முழுமையான வழிகாட்டி

பிளாஸ்டிக் மாடலில் டேங்க் கிட் கட்டிப் பழகியவர்கள் சோவியத் லாரியில் கை வைத்ததும் தடுமாறுவது வழக்கம். டேங்கின் அடிப்பாகம் ஒரு பெட்டி. எப்படி ஒட்டினாலும் நேராக நிற்கும். லாரிக்கு அடியில் இருப்பதோ ஈர்க்குச்சி மாதிரி இரண்டு நீளச் சட்டங்கள். சட்டம் அரை மில்லிமீட்டர் கோணினால் சக்கரம் நொண்டும், பானெட் வாய் பிளக்கும், கேபின் ஒரு பக்கம் சாயும். பெயின்ட்டும் அப்படித்தான். டேங்கை முழுதாகக் கட்டிவிட்டு அடிக்கலாம். லாரியை அப்படிக் கட்டினால் கேபின் உள்ளேயும் பாடிக்கு அடியிலும் பிரஷ் போகாது.

இந்த வழிகாட்டி 1943 மாடல் காஸ்-எம்எம் ஒன்றரை டன் லாரியை 1/35 அளவில், அதாவது நிஜத்தில் 35ல் ஒரு பங்காக, கட்டுவதற்கானது. மினிஆர்ட் நிறுவனம் காஸ்-ஏஏ, காஸ்-எம்எம் வரிசையில் போருக்கு முந்திய வடிவத்தையும் போர்க்கால வடிவத்தையும் தனித்தனிப் பெட்டிகளாக விற்கிறது. ஸ்வெஸ்டாவின் ஸிஸ்-5 மூன்று டன் லாரிக்கும் இதே வரிசை பொருந்தும். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

1. மேசைக்கு வர வேண்டியவை

பிளாஸ்டிக் வெட்டும் சைடு கட்டர், கூர்முனைக் கத்தி, அதற்கு மாற்று பிளேடுகள் பத்து, மெல்லிய ரேசர் ரம்பம், சின்ன அரங்கள், 400, 600, 1000 எண் உப்புத்தாள், இரண்டு ட்வீசர் (ஒன்று நேர்முனை, ஒன்று வளைமுனை), 0.3 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை துளையிடும் கைட்ரில். நகவெட்டி வேண்டாம். அது பாகத்தை வெட்டுவதைவிட நசுக்குவதுதான் அதிகம்.

பசை மூன்று வகை. நீர் போல் ஓடும் மெல்லிய சிமென்ட்டுக்கு மூடியிலேயே பிரஷ் இருக்கும்; பெரும்பாலான வேலை அதில்தான். கெட்டியான சிமென்ட் சட்டத்தின் மூலைகளுக்கு. ஃபெவிக்விக் மாதிரி சூப்பர் க்ளூ உலோகத் தகட்டுப் பாகங்களுக்கு மட்டும். கண்ணாடிக்கு ஃபெவிகால் வகை வெள்ளைப் பசை தனி.

கட்டாயம் வேண்டிய இன்னொன்றைப் பலரும் வாங்குவதில்லை. ஒரு அடி நீளக் கண்ணாடித் துண்டு, குறைந்தது 5 மில்லிமீட்டர் தடிமன். வழுவழுப்பான தரை டைல்ஸும் போதும், ஸ்கேலை நிறுத்திப் பார்த்து இடைவெளி தெரியாவிட்டால். சேஸி சமமாக இருக்கிறதா என்று சொல்லக்கூடியது இது ஒன்றுதான். மரமேசையோ வெட்டுப்பாயோ பார்வைக்குச் சமமாகத் தெரியும், ஆனால் சமமாக இருக்காது.

இவற்றோடு ஒரு சிறு மூலைமட்டம், வெர்னியர் அல்லது நல்ல ஸ்டீல் ஸ்கேல், ப்ளூ டாக் (ஒட்டி எடுக்கக்கூடிய களிமண் போன்ற பசை), மாஸ்கிங் டேப், பல்குத்திகள். ஏர்பிரஷ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் டின் ஸ்ப்ரே ப்ரைமரும் தட்டை பிரஷும் போதும். ஏர்பிரஷ் அடிப்பவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்து, கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டியுள்ள முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். துணி மாஸ்க் அந்த ஆவியை நிறுத்தாது.

2. எந்த வருஷத்து வண்டி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரே ஸ்ப்ரூவில் (பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டகம்) இரண்டு காலத்துப் பாகங்களும் வரும். குறிப்புப் புத்தகத்தில் நிழலிட்டுக் காட்டியவை உங்கள் வண்டிக்கு வேண்டாதவை. கவனிக்காமல் வெட்டினால் 1938 மட்கார்டும் 1943 கதவும் ஒரே வண்டியில் உட்கார்ந்துவிடும்.

காஸ்-எம்எம் என்பது காஸ்-ஏஏ வண்டியிலேயே 50 குதிரைசக்தி என்ஜின் வைத்தது. போருக்கு முந்தியதில் வளைந்த அழகான மட்கார்டு, இரண்டு ஹெட்லைட், முன் பம்பர், தகட்டுக் கதவு. 1942ல் தகடு தட்டுப்பாட்டால் எல்லாவற்றையும் சுருக்கினார்கள். மட்கார்டை அழுத்தி வடிவமைக்காமல் தட்டைத் தகட்டை மடித்து வெல்டு வைத்தார்கள். ஹெட்லைட் ஒன்றுதான், இடப்பக்கம். பம்பர் இல்லை, முன் பிரேக் இல்லை. பாடியில் பின்பலகை மட்டும் திறக்கும். முதலில் கதவுக்குப் பதில் கான்வாஸ் திரை; 1943லிருந்து மரக்கதவு.

நிழலிட்ட பாகங்களின் எண்மேல் ஸ்ப்ரூவிலேயே கறுப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போடுங்கள். அரைமணி நேர வேலை. பிறகு சந்தேகமே வராது.

விதிவிலக்கு உண்டு. பழைய வண்டிகள் 1945 வரை ஓடின. பட்டறையில் கிடைத்த பாகத்தை மாற்றிப் போட்டதும் உண்டு. ஆகவே கலந்த வண்டி கட்டுவது தப்பில்லை, கையில் அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்று இருக்கும்வரை. புகைப்படம் இல்லாமல் கலப்பது ஊகம்தான்.

ஸிஸ்-5ன் போர்க்கால வடிவமான ஸிஸ்-5விக்கும் இதே அடையாளங்கள்தான்: மடித்த மட்கார்டு, இடப்பக்க ஒற்றை ஹெட்லைட், மரக்கேபின், பின்பலகை மட்டும் திறக்கும் பாடி.

3. கழுவுதல், வளைவு பார்த்தல்

ஸ்ப்ரூக்களை வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். அச்சிலிருந்து பாகம் எளிதாகக் கழன்று வரத் தடவிய எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயின்ட் அந்த இடத்தில் மட்டும் உரிந்து வரும்.

உலர்ந்ததும் சேஸியின் இரு நீளச் சட்டங்களையும் ஸ்ப்ரூவில் இருக்கும்போதே ஸ்கேலோடு வைத்துப் பாருங்கள். மெல்லியவை என்பதால் வளைந்து வருவது சகஜம். வளைந்திருந்தால் வெட்டிய பிறகு, கை பொறுக்காத சூட்டில், ஆனால் கொதிக்காத நீரில் ட்வீசரால் பிடித்துச் சில விநாடிகள் வைத்து, கண்ணாடிமேல் நேராக அழுத்தி, உடனே குளிர்ந்த நீரில் விடுங்கள். ஒரே தடவையில் முழுவதும் நிமிர்த்தப் பார்க்காதீர்கள். இரண்டு மூன்று தடவையில் வரட்டும். பசையின் பலத்தால் வளைவை இழுத்துப் பிடித்துவிடலாம் என்று நினைத்தால் நடக்காது. ஒரு வாரம் கழித்து மூட்டு விட்டுவிடும்.

4. வெட்டுவதும் வழிப்பதும்

ஸ்டியரிங் கம்பி, பிரேக் கம்பி, கியர் லீவர் ஆகியவை ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லியவை. இவற்றைச் சைடு கட்டரால் வெட்டினால் கட்டர் கொடுக்கும் நெருக்கடியிலேயே நடுவில் முறியும். முதலில் சுற்றியிருக்கும் ஸ்ப்ரூவை வெட்டி இறுக்கத்தைத் தளர்த்துங்கள். பிறகு பாகத்தை ஒட்டியுள்ள முனையை ரேசர் ரம்பத்தால் அறுங்கள்.

எல்லாப் பாகத்தையும் பாகத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி முதல் வெட்டு, ஒட்டி இரண்டாம் வெட்டு, மிச்சத்தை உப்புத்தாளில் என்று மூன்று தடவையில் எடுங்கள். ஒரே வெட்டில் எடுத்தால் வெண்மையான தழும்பு விழும். பாகம் உள்ளே குழிந்துவிடும்.

அச்சின் இரு பாதி சேரும் கோடு எல்லா உருண்டைப் பாகத்திலும் இருக்கும். ஸ்பிரிங் பட்டையின் ஓரத்திலும் இருக்கும், அங்குதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பெயின்ட் அடித்தபோது தெரியாத அந்தக் கோடு, கடைசியில் கருப்பு வாஷ் (இடுக்குகளில் ஓடி நிற்கும் நீர்த்த சாயம்) ஊற்றியதும் பளிச்சென்று தெரியும். கத்தியை நிமிர்த்தி வைத்துச் சுரண்டுங்கள், அறுக்க வேண்டாம்.

5. சேஸி சட்டம்: இங்கேதான் வண்டி நிற்கும் அல்லது சாயும்

ஒட்டுவதற்கு முன் எல்லாக் குறுக்குச் சட்டங்களையும் பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள். எது முன், எது பின் என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். ஒரே மாதிரி தெரியும் இரண்டு குறுக்குச் சட்டங்கள் இடம் மாறினால், என்ஜின் வைக்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் பசை இறுகியிருக்கும்.

ஒட்டும் வரிசை: ஒரு நீளச் சட்டத்தைக் கண்ணாடிமேல் படுக்க வைத்து, குறுக்குச் சட்டங்களை ஒவ்வொன்றாகக் கெட்டி சிமென்ட்டில் நிறுத்துங்கள். மூலைமட்டம் வைத்து ஒவ்வொன்றும் செங்குத்தா என்று பாருங்கள். உடனே, பசை இளகிய நிலையிலேயே, மறு நீளச் சட்டத்தை மேலே பொருத்துங்கள். இப்போது முழுச் சட்டத்தையும் இயல்பான நிலையில், சக்கரம் கீழே வரும் திசையில், கண்ணாடிமேல் வையுங்கள்.

கெட்டி சிமென்ட் பத்து நிமிடம் வரை விட்டுக்கொடுக்கும். அந்த நேரத்துக்குள் செய்ய வேண்டியது இரண்டு. மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சட்டம் சாய்சதுரமாகவில்லை. அடுத்து ஒவ்வொரு மூலையையும் விரலால் தட்டுங்கள். எதிர்மூலை துள்ளினால் சட்டம் முறுக்கியிருக்கிறது. முறுக்கை நேர்செய்து, மேலே ஒரு புத்தகத்தைப் பாரமாக வைத்து இரவு முழுக்க விடுங்கள். தொட்டுப் பார்க்க எடுக்காதீர்கள்.

மெல்லிய சிமென்ட் இந்த இடத்துக்கு ஆகாது. அது சில விநாடியிலேயே பிடித்துவிடும், திருத்த நேரம் தராது. மறுநாள் மூட்டுகளில் ஒரு தொடு தொட்டு வலுப்படுத்த மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

6. ஸ்பிரிங், ஆக்சில், என்ஜின்: எல்லாம் ஒரே வேளையில்

காஸ்-எம்எம் லாரியின் அடிப்பாகம் ஃபோர்டு ஏஏ வழி வந்தது. முன்னால் ஒரே ஸ்பிரிங்தான், குறுக்குவாக்கில். அதன் நுனிகளில் ஆக்சில் தொங்கும். ஆக்சிலிலிருந்து கவட்டை போல் ஒரு கம்பி பின்னோக்கிப் போய் நடுவில் சேரும். முன் ஆக்சில் சுழலாமல் பிடிப்பது அந்தக் கவட்டைதான். ஆக்சிலை ஸ்பிரிங்கோடு ஒட்டிக் காயவிட்டுப் பிறகு கவட்டையைக் கொண்டுவந்தால் அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு எட்டாது அல்லது மிஞ்சும். மூன்றையும் ஒரே மூச்சில் ஒட்டுங்கள்.

பின்னால் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சில் வரை சுழலும் தண்டை மூடிய ஒரு குழாய் போகிறது. என்ஜின், கியர்பாக்ஸ், குழாய், பின் ஆக்சில் நான்கும் ஒரே கோட்டில் உட்கார வேண்டும். என்ஜினை ஒரு மில்லிமீட்டர் முன்னே ஒட்டினால் பின் ஆக்சில் ஸ்பிரிங்கை விட்டு விலகும். அதனால் என்ஜினைத் தற்காலிகமாக ப்ளூ டாக்கில் வைத்து, பின் ஆக்சில் சரியான இடத்துக்கு வருகிறதா என்று பார்த்த பிறகே ஒட்டுங்கள்.

சரிபார்க்க ஒரு அளவு: உண்மையான வண்டியில் முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையே 3,340 மில்லிமீட்டர். 1/35ல் அது 95.4 மில்லிமீட்டர். இரு பக்கமும் அளந்து பாருங்கள். அரை மில்லிமீட்டர் கூடக்குறைய இருக்கலாம். ஆனால் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸிஸ்-5ல் 3,810 மில்லிமீட்டர். அதாவது மாடலில் 109க்கு ஒரு நூலிழை குறைவு. அதில் நான்கு மூலையிலும் நீளவாக்கில் வழக்கமான ஸ்பிரிங் பட்டை என்பதால் இந்தத் தலைவலி குறைவு.

பானெட்டை மூடியே வைக்கப் போகிறீர்கள் என்றால் என்ஜினில் பிளக் வயர் எல்லாம் இழுக்க வேண்டியதில்லை. கீழிருந்து தெரியும் ஆயில் சம்ப்பும் கியர்பாக்ஸும் பெயின்ட் ஆனால் போதும்.

7. ஆறு சக்கரமும் தரையைத் தொட வேண்டும்

ஸ்பிரிங் பசை இறுகும் முன்பே சக்கரங்களை ப்ளூ டாக்கால் தற்காலிகமாகப் பொருத்தி வண்டியைக் கண்ணாடிமேல் நிறுத்துங்கள். ஒரு சிகரெட் பேப்பர் அல்லது ரசீது காகிதத் துண்டை ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் நுழைத்து இழுங்கள். எல்லாச் சக்கரமும் காகிதத்தைப் பிடித்தால் சரி. எது விடுகிறதோ அந்தப் பக்கம் ஆக்சிலை மெல்ல அழுத்திப் பிடித்து, பசை காயும்வரை பாரம் வையுங்கள்.

பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரட்டைச் சக்கரம். உள்சக்கரம் தரையைத் தொட்டு வெளிச்சக்கரம் அந்தரத்தில் நிற்பது அடிக்கடி பார்க்கும் தப்பு. இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டு, சேர்த்து உப்புத்தாளில் ஒரே வீச்சில் அடிப்பாகத்தை லேசாகத் தேயுங்கள். கால் மில்லிமீட்டர் தட்டையானால் போதும்; பாரம் ஏற்றிய டயர் தரையில் அமர்ந்த தோற்றம் தானாக வரும். அதற்கு மேல் தேய்த்தால் பஞ்சரான வண்டியாகிவிடும்.

சில கிட்களில் டயர் ரப்பரில் வரும். அதில் தேய்க்க முடியாது. ரப்பரிலுள்ள எண்ணெய்ப்பொருள் வருஷக்கணக்கில் பிளாஸ்டிக் ரிம்மை அரித்து இளக்கிவிடும் என்பதும் ஒரு பிரச்சினை. ரிம்முக்கு முதலில் ப்ரைமர், அதற்கு மேல் பெயின்ட் என்று இரண்டு படலம் கொடுத்த பிறகே டயரை மாட்டுங்கள்.

சக்கரங்களைச் சேஸியோடு இப்போது ஒட்டாதீர்கள். பல்குத்தியில் குத்தி வைத்து, ரிம்முக்குப் பச்சை அடித்து, பிறகு டயருக்குக் கரும்சாம்பல். சுத்தக் கருப்பு வேண்டாம், இந்த அளவில் அது ஓட்டை மாதிரி தெரியும்.

8. பானெட், ரேடியேட்டர், கவுல் (கேபினின் முன்பகுதி): முக்கோணப் பொருத்தம்

அதிகமானவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். குறிப்புப் புத்தகம் ரேடியேட்டரை முன்னதாகவே ஒட்டச் சொல்லும். ஒட்டியபின் கேபினை வைத்தால், பானெட் நடுவில் வந்து உட்கார இடம் இருக்காது. அல்லது பின்னால் ஒரு மில்லிமீட்டர் வாய் பிளக்கும்.

ரேடியேட்டரை ஒட்டாமல் நிறுத்துங்கள். கேபினை ஒட்டாமல் சேஸிமேல் வையுங்கள். பானெட்டை இரண்டுக்கும் நடுவில் வைத்து டேப்பால் கட்டுங்கள். முன்னும் பின்னும் இடைவெளி சமமாக வரும்வரை ரேடியேட்டரை நகர்த்துங்கள். சரியான இடம் வந்ததும் ரேடியேட்டரின் அடியில் மட்டும் மெல்லிய சிமென்ட்டைத் தொட்டு விடுங்கள். பிளாஸ்டிக் இடுக்கில் அது தானாக ஓடிப் பரவும். அது காயும்வரை பானெட்டையும் கேபினையும் எடுக்காதீர்கள்.

எரிபொருள் தொட்டி இந்த வண்டியில் கேபினுக்கும் பானெட்டுக்கும் இடையே, விண்ட்ஷீல்டுக்கு முன்னால். பெட்ரோல் தானாகவே கீழிறங்கி கார்புரேட்டருக்குப் போகும் ஏற்பாடு. அதன் மூடி விண்ட்ஷீல்டுக்கு முன்னால் நடுவில் வரும் சின்ன வட்டம்; பாகம் மணிபோல் இருப்பதால் தரையில் விழுந்து தொலைவது இதுதான். வெட்டும்போது ஸ்ப்ரூவையும் பாகத்தையும் சேர்த்து டேப் ஒட்டிவிட்டு வெட்டுங்கள்.

9. கேபின்: கூரை போடும் முன் உள்ளே முடித்துவிடுங்கள்

தரை, சீட், பின்சுவர், ஸ்டியரிங் வரை ஒட்டி, கூரையையும் கதவுகளையும் தனியே வையுங்கள். ஸ்டியரிங் இடப்பக்கம். நம் ஊர் வண்டி பார்த்துப் பழகிய கை பெடல்களை வலப்பக்கம் கொண்டுபோய் வைக்கும், ஒருமுறை சரிபாருங்கள்.

உள்ளே பச்சை, சீட்டுக்குக் கரும்பழுப்பு, தரைப்பலகைக்கு மரநிறம் அடித்து மேலே தூசி. பெடல் விளிம்புகளில் பென்சில் முனையைத் தேய்த்தால் தேய்ந்த இரும்பு மினுமினுப்பு வரும்.

கண்ணாடிக்குச் சூப்பர் க்ளூ கூடாது. அதன் ஆவி கண்ணாடிமேல் படிந்து பால் போல் வெளுக்கும். வெள்ளைப் பசையைப் பல்குத்தி நுனியில் எடுத்து விளிம்பில் தடவுங்கள், காய்ந்ததும் தெளிவாகிவிடும். கண்ணாடியை உள்ளிருந்து பொருத்தி வெளியே மாஸ்கிங் டேப் ஒட்டிய பிறகு கூரை.

கதவுகளைத் திறந்து வைப்பது நல்ல யோசனை. மூடினால் உள்ளே செய்த வேலை யாருக்கும் தெரியாது. ஆனால் திறந்த கதவு நிலையோடு இரண்டு கீல் புள்ளியில்தான் ஒட்டும். கைட்ரிலில் 0.4 மில்லிமீட்டர் துளை போட்டு ஒரு செம்புக் கம்பித் துண்டை ஊன்றி ஒட்டினால் கை பட்டாலும் பிடுங்காது.

கேபினை ப்ளூ டாக்கால் சேஸிமேல் தற்காலிகமாக வைத்திருங்கள். பெயின்ட் முடியும்வரை இது தனி, சேஸி தனி, பாடி தனி.

10. உலோகத் தகட்டுப் பாகங்கள்: எல்லாம் போட வேண்டியதில்லை

கிட்டில் வரும் பொறித்த தகட்டை டைல்ஸ்மேல் வைத்து வெட்டுங்கள். வெட்டுப்பாய் அமுங்கி பாகத்தை வளைக்கும். வளைக்க வேண்டிய பட்டியை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி, நிறம் மாறியதும் எடுத்து ஆற விடுங்கள். உலோகம் இளகி மடங்கும்.

எங்கள் கருத்து இது: பாடியின் கீல் பட்டி, பின்பலகைக் கொக்கி போன்ற தட்டையான இரும்பு வேலைகளுக்குத் தகடு நன்றாக இருக்கும். உருண்டையாக இருக்க வேண்டிய கைப்பிடிக்கும் கம்பிக்கும் தகடு ஆகாது. அவற்றைப் பிளாஸ்டிக்கிலோ செம்புக் கம்பியிலோ செய்யுங்கள். அரை மில்லிமீட்டர் போல்ட்டுகளைத் தகட்டில் ஒட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

11. பாடி: மரம் முதலில், பச்சை பிறகு

பலகைகளில் அச்சடித்த மர ரேகை பெரும்பாலும் மிகை. நிஜத்தில் பலகையின் ரேகை 35 மடங்கு சுருங்கினால் கண்ணுக்குத் தெரியாது. 1000 எண் உப்புத்தாளால் ரேகையின் திசையிலேயே லேசாகத் தேய்த்து அடக்குங்கள்.

பாடித் தரையை அடிச்சட்டங்களோடு ஒட்டி, பக்கப்பலகைகளை நிறுத்துங்கள். 1943 வண்டியில் பக்கப்பலகைகள் நிலையானவை, எனவே அவற்றில் கீல் பட்டி கிடையாது, பின்பலகையில் மட்டும். பாடியைச் சேஸியில் வைத்துப் பார்த்து, பின் டயருக்கும் பாடித் தரைக்கும் இடையே இடம் இருக்கிறதா, உதிரிச் சக்கரம் சேஸியின் பின்கோடியில் அடியில் இடிக்காமல் போகிறதா என்று பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள்.

பெயின்ட் வரிசை: ப்ரைமர், அதற்கு மேல் வெளிறிய மரநிறம். ஒவ்வொரு பலகையையும் சற்றே வேறுவேறு சாயலில் தொட்டுக் கொடுத்து, பழுப்பு எண்ணெய்ச் சாயத்தை நீர்க்கக் கரைத்துப் பூசித் துடையுங்கள். முழுக்கக் காய்ந்ததும் தலைக்கு அடிக்கும் ஹேர்ஸ்ப்ரே இரண்டு மெல்லிய படலம். அதன்மேல் நீரில் கரையும் அக்ரிலிக் பச்சை. அரைமணி நேரம் கழித்து, ஈர பிரஷால் தரைப்பலகையைத் தேய்த்தால் அடியிலுள்ள ஹேர்ஸ்ப்ரே கரைந்து பச்சை உரியும், மரம் வெளிவரும்.

தேய்க்கும் திசை முக்கியம். சாமான் பின்பலகை வழியாகத்தான் ஏற்றி இழுக்கப்படும். ஆகவே தேய்மானம் முன்பின்னாக நீளவாக்கில்; பின்கோடியில் அதிகம், கேபினை ஒட்டிக் குறைவு. குறுக்கே தேய்த்தால் அந்த லாரியில் யாரும் எதையும் ஏற்றவே இல்லை என்று அர்த்தம்.

12. ப்ரைமரும் பச்சையும்

பிளாஸ்டிக், தகடு, செம்பு என்று மூன்று பொருள் ஒரே வண்டியில் இருப்பதால் ப்ரைமர் கட்டாயம். சாம்பல் ப்ரைமரை 10 முதல் 15 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து, ஏர்பிரஷில் 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில், மூன்று மெல்லிய படலமாக அடியுங்கள். காய்ந்ததும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, தெரியும் கோடு, பள்ளம், பசைத் திட்டுகளைச் சரிசெய்யுங்கள். திருத்துவதற்கு இதுவே கடைசி வாய்ப்பு.

சோவியத் போர்க்காலப் பச்சை 4பிஓ. இந்தப் பெயரிலேயே பல பெயின்ட் நிறுவனங்கள் புட்டி விற்கின்றன. ஒன்றுக்கொன்று சாயல் மாறும். எது சரி என்று சண்டை போட இடம் நிறைய உண்டு. ஆனால் மாடலில் விழும் பெரிய தப்பு சாயலில் இல்லை, அடர்த்தியில். புட்டியில் உள்ளபடி அடித்து, மேலே வாஷ், வார்னிஷ், தூசி என்று போகப்போக வண்டி கறுத்துக்கொண்டே வரும். தொடக்கத்திலேயே பத்துக்கு ஒரு பங்கு வெளிர் மஞ்சள்பழுப்பு கலந்து இளக்குங்கள். வெள்ளை கலக்காதீர்கள், புதினா நிறம் வந்துவிடும்.

இரண்டாம் படலத்தில் இன்னும் கொஞ்சம் இளக்கி பானெட், கூரை, மட்கார்டின் மேல்பரப்பு ஆகியவற்றில் மட்டும் அடியுங்கள். வெயில் படும் பரப்பு வெளிறித் தெரியும்.

13. எண்களும் பளபளப்பும்

டெக்கல் (நீரில் நனைத்து ஒட்டும் எண், எழுத்துப் படலம்) போகும் இடத்தில் முதலில் பளபளப்பு வார்னிஷ். மங்கலான பெயின்ட் நுண்ணிய மேடுபள்ளமாக இருப்பதால், டெக்கலின் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல் மினுங்கும். பின்பலகையில் எண் ஒட்டும்போது பலகைகளுக்கு நடுவில் டெக்கல் பாலம் கட்டும். புது பிளேடால் அந்த இடைவெளியில் கீறி, டெக்கல் இளக்கும் திரவம் தொட்டு வையுங்கள்.

14. அழுக்கு, தூசி, சேறு

வரிசை: பளபளப்பு, டெக்கல், வாஷ், மங்கல் வார்னிஷ், சேறு, கடைசியில் தூசிப்பொடி. வாஷை மங்கல் வார்னிஷ்மேல் ஊற்றினால் பரப்பு முழுக்க உறிஞ்சி வண்டியே அழுக்குப் பச்சையாகும். பளபளப்புமேல் ஊற்றினால் மூலைக்கு மட்டும் ஓடும்.

பெயின்ட் உரிவதில் கண் வைக்க வேண்டிய விஷயம் ஒன்று. இந்த வண்டியின் கதவு மரம். கதவு விளிம்பில் உரிந்தால் தெரிவது வெளிறிய மரம், துரு அல்ல. மட்கார்டு தகடு; அங்கே உரிந்தால் கரும்பழுப்புத் துரு. பாடியின் பக்கம் மரம், அதன் இரும்புப் பட்டி தகடு. எங்கு பார்த்தாலும் ஒரே பழுப்புப் புள்ளியைக் குத்துவது டேங்க் பழக்கம். லாரியை நன்றாகப் பார்ப்பவர் முதலில் கவனிப்பது இதைத்தான்.

சேறு எங்கே விழும் என்று சக்கரத்தைப் பின்தொடர்ந்து யோசியுங்கள். முன்சக்கரம் தெறிப்பது மட்கார்டின் உள்பக்கம், படிக்கட்டு, கேபின் கதவின் கீழ்ப்பகுதி. பின்சக்கரம் தெறிப்பது பாடியின் அடி, பின்பலகை, உதிரிச் சக்கரம். கூரையில் சேறு வராது. முதலில் கருஞ்சாயல், அது காய்ந்ததும் மேலே வெளிர்சாயல். ஈரச் சேறு காய்ந்த சேற்றைவிடக் கறுப்பாக இருக்கும். சக்கர மையத்தில் ஒரு துளி பளபளப்பான கரும்பழுப்பு, கிரீஸ் கசிவு.

பனிக்கால வெள்ளை வேண்டுமானால் மறுபடி ஹேர்ஸ்ப்ரே வித்தைதான். கைப்பிடி, படிக்கட்டு, பானெட் பூட்டு ஆகிய கை, கால் படும் இடங்களில் நிறையவும், மற்ற இடங்களில் மழை வழிந்த கோடாகவும் கழுவுங்கள்.

சென்னை, யாழ்ப்பாணம் மாதிரி ஈரக்காற்று ஊர்களில் மழைநாளில் மங்கல் வார்னிஷ் அடிக்காதீர்கள். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து வெள்ளைப் பூச்சு விழும். தப்பித்தவறி விழுந்துவிட்டால் மறுநாள் வெயிலில் பளபளப்பு வார்னிஷ் ஒரு மெல்லிய படலம் அடித்துவிட்டு மறுபடி மங்கல் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் போய்விடும்.

15. கடைசிப் பூட்டு

கேபினைச் சேஸியில் ஒட்டுங்கள், பிறகு பானெட், பிறகு பாடி. ஒட்டும் இடங்களில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் பசை போடுங்கள். பிளாஸ்டிக் சிமென்ட் பெயின்ட்டை ஒட்டாது, பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்டும். சக்கரங்களைப் பொருத்திக் கண்ணாடிமேல் நிறுத்தி மறுபடி காகிதச் சோதனை. ஆறும் பிடிக்கிறதா பார்த்துவிட்டு இரவு முழுக்க அப்படியே விடுங்கள்.

ஹெட்லைட், வைப்பர், கதவுக் கைப்பிடி மூன்றும் மறுநாள். முன்னதாக ஒட்டினால் வண்டியைப் பிடித்துத் திருப்பும் போதெல்லாம் விரல் அங்கேதான் போய் மாட்டும். ஹெட்லைட்டின் உள்ளே வெள்ளி அடித்து, காய்ந்ததும் மேலே கண்ணாடிப் பாகத்தை வெள்ளைப் பசையில் ஒட்டுங்கள். இடப்பக்கம் ஒன்றே ஒன்று. வலப்பக்க மட்கார்டில் ஹெட்லைட்டுக்கான துளை திறந்திருந்தால் அதை ப்ரைமருக்கு முன்பே அடைத்திருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் வெள்ளைப் பசையை ஒரு துளி வைத்து மூடி, காய்ந்ததும் அதன்மேல் பச்சையும் கொஞ்சம் சேறும் தொட்டுவிடுங்கள்.